மூலம்: உறுதியாகவில்லை

டோக்கன் நூற்றுப் பதினேழு.
பொகவந்தலாவைக் கடைத்தெருவில்
காலி சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து
வரிசையில் விட்டுவிட்டு
ஆட்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.
இரும்பு மட்டும் இடம் பிடித்து நனைந்தது.

"கடல்ல கேஸ் கண்டுபுடிச்சது நீதானே, கமலவேணி?
பொறகு என்னத்துக்கு நாங்க இங்கன நிக்கிறோம்?"
நவ்ஃபல் கடைத் தகரத்தின் கீழ் யாரோ கேட்க
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

நான் கண்டுபிடிக்கவில்லை.
மன்னாருக்கு அப்பால், கரை தெரியாத தண்ணீரில்,
பன்னிரண்டு மணிநேர முறை வைத்து
சேறு கழுவினேன்.
துளைமுனை அரைத்ததெல்லாம் சல்லடைக்கு வரும்.
அள்ளி, அலசி, உலர்த்தி,
உறையில் போட்டு ஆழம் எழுதவேண்டும்.
கொழுந்து நிறுக்கிற வேலைதான்,
கூடைக்குப் பதில் கரண்டி.

முதலில் களி. பிறகும் களி.
பதினெட்டு நாள் சாம்பல் நிறக் களி;
சோற்றிலும் அதே நிறம் தெரிந்தது.
பத்தொன்பதாம் நாள், விடியப் பார்த்த முறையில்,
துளைமுனை சட்டென்று வழுக்கி இறங்கிற்று.
களி மணலானது.
திரையில் மீத்தேன் கோடு
செங்குத்தாய் எழும்பியது.
யாரும் கத்தவில்லை.
மேற்பார்வையாளர் கோப்பையைக் கீழே வைத்தார்,
அவ்வளவுதான்.

நுணுக்குக்காட்டியில் குனிந்தேன்.
படிகமணிகள், முனை மழுங்காதவை,
அதிக தூரம் உருளாதவை.
நடுவே கருஞ்சிவப்பாய்
ஒன்று, இரண்டு,
ஐந்து கார்னெட்.

எனக்குத் தெரியும் இந்தச் சிவப்பு.
கெசெல்கமுவ ஓயாவில் கால் கழுவினால்
விரலிடுக்கில் மிஞ்சுகிற சிவப்பு.

ஏழு கோடி வருஷத்துக்கு முன்,
இந்தியாவும் நாங்களும் விலகி
இடையில் பள்ளம் இறங்கிய பிறகு,
பெயர் வைக்க ஆளில்லாத ஓர் ஆறு
மலையைப் பிடிபிடியாகக் கொண்டுபோய்க்
கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.
மணிக்கும் மணிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி.
அடியில் வெந்த கறுத்த களியிலிருந்து
ஆவி ஏறி அந்த இடைவெளிகளில் தங்கிற்று.
மேலே இன்னொரு களி
தட்டு மூடியதுபோல் மூடிக்கொண்டது.

அறிக்கையில் எழுதினேன்:
மணலின் மூலம், மத்திய மலைநாடு.
தலைமையகம் திருத்தியது:
மூலம், உறுதியாகவில்லை.
அளவு, போதாது.
குழாய் போடுகிற காசு கேஸ் விற்று வராது.
கிணற்றுக்குள் சீமெந்து இறக்கி அடைத்துவிட்டு
கப்பல் வேறு நாட்டுக் கடலுக்குப் போனது.
நான் பஸ் ஏறி வந்தேன்.
பையில் ஓர் உறை.
கொண்டுவந்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் வரிசையில் எப்படிச் சொல்ல?
சிலிண்டரில் இருப்பது வேறு கேஸ்,
கடலில் கிடப்பது வேறு என்றேன்.
"எரியுந்தானே?"
எரியும்.
"அப்ப ஒன்னுதான்."

பக்கத்தில் நின்ற ஜினதாச
மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்.
உறையை அவர் கையில் கவிழ்த்தேன்.
விரலை நக்கி, மணலை ஒதுக்கி,
ஒரு சிவப்பை மட்டும் நகத்தில் ஏற்றி
வெளிச்சத்துக்குக் காட்டினார்.
"இது நம்ம ஆத்துக் கல்லு.
கழுவும்போது நாங்க வீசுறது.
எந்தக் குழியில எடுத்த?"
மூவாயிரத்து நாற்பது மீற்றர் என்றேன்.
"பொய்.
அந்த ஆழத்துக்கு யாரு பலகை அடிக்கிறது?"

நாலு மணிக்கு நவ்ஃபல் கதவை இழுத்தார்.
லொறி கினிகத்தேனை தாண்டவில்லையாம்.
சங்கிலியை அவிழ்த்தார்கள்.
மணலைத் திரும்ப உறையில் தட்டி எண்ணினேன்:
நாலு.
ஒன்று ஜினதாசவின் நகத்தோடு
இருட்டில் போய்விட்டது.

உறையின் பின்பக்கம் பென்சிலால்
பார்த்தவர்: ஜினதாச, குழிக்காரர்
என்று எழுதிவிட்டு
காலி சிலிண்டரைத் தோளில் போட்டு மேட்டில் ஏறினேன்.

வாசலில் கட்டி வைத்த மிலாறு
முழுக்க ஈரம்.
நெடுநேரம் பற்றவில்லை.